மலைமேல் நான்கு சீட்டு, அடிவாரத்தில் ஒரே பட்டன்: உள்ளாட்சியில் நம் ஓட்டு யார் கையில் போய்ச் சேருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

2019 டிசம்பரில் ஏற்காடு நாகலூர் பக்கம் இருக்கும் என் அத்தை மகன் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து போன் செய்தான். "நாலு கலர்ல நாலு சீட்டு குடுத்தாங்க மச்சான். எல்லாத்துலயும் நம்ம சின்னத்துல குத்திட்டு வந்துடலாம்னு பார்த்தா ரெண்டு சீட்டுல நம்ம சின்னமே இல்ல. பூட்டு சாவி, ஆட்டோன்னு என்னென்னமோ இருக்கு" என்றான். என்ன செய்தாய் என்று கேட்டேன். பூட்டு சாவி அழகாக இருந்ததாம், குத்திவிட்டானாம்.

2022 பிப்ரவரியில் சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் கதை வேறு மாதிரி. அம்மா பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்து, "டேய், மேயருக்கு எங்கடா போடறது? ஒரு மிஷின்தான் வெச்சிருக்காங்க" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. 2011-ல் அவர் கவுன்சிலருக்குத் தனியாகவும் மேயருக்குத் தனியாகவும் ஓட்டுப் போட்டவர். நடுவில் சட்டம் மாறியதை அவருக்கு யாரும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை, ஓட்டுக் கேட்டு மட்டும் எல்லாரும் வந்தார்கள்.

இருவருக்கும் நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுதான். ஆனால் ஒருவன் ஓட்டு கட்சியே இல்லாத இடத்திலும் போய் விழுகிறது, இன்னொருவர் ஓட்டு கவுன்சிலரோடு நின்றுவிடுகிறது. அடுத்த தேர்தலுக்குள் இதைப் புரிந்துவைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக, நான் தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை: நீங்கள் எதற்குள் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு இது தெரியாது. முகவரியில் சேலம் என்று இருந்தால் மாநகராட்சி என்று நினைத்துக்கொள்கிறோம். ஏற்காடு அடிவாரத்துக்குப் போகிற வழிக்கு ஒட்டினாற்போல இருக்கும் கன்னங்குறிச்சி 2022 தேர்தலில் தனிப் பேரூராட்சி. அங்கே குடியிருந்துகொண்டு அஸ்தம்பட்டி மண்டல அலுவலகத்தில் மனுவோடு வரிசையில் நின்றால், பாவம், கவுண்டர் வரைக்கும் போய்த்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆதாரில் இருக்கிற முகவரியை நம்பாதீர்கள், கேஸ் பில்லையும் நம்பாதீர்கள். வரி யாருக்குக் கட்டுகிறீர்களோ அதுதான் உங்கள் உள்ளாட்சி, வார்டு எண்ணும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

சேலம் மாவட்டத்தின் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். 2022 தேர்தலின்போது நகர்ப்புறத்தில் சேலம் மாநகராட்சி 60 வார்டு, அதற்குள் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலம். ஆத்தூர், நரசிங்கபுரம், மேட்டூர், எடப்பாடி, இடங்கணசாலை, தாரமங்கலம் என்று ஆறு நகராட்சி, 31 பேரூராட்சி. கிராமப்புறத்தில் 20 ஊராட்சி ஒன்றியம், 385 கிராம ஊராட்சி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மாவட்ட ஊராட்சி. சேர்வராயன் மலை மொத்தமும் ஏற்காடு ஒன்றியம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் வாழவந்தி, நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் என்று ஒன்பது ஊராட்சிகள்.

அடுத்து, எந்த வேலை யாருடையது. இதில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. மலைப்பாதையில் ஒரு வளைவில் ரோடு குழியாகக் கிடக்கிறது என்று ஒரு பக்கத்துக்கு மனு எழுதி, அத்தை மகனையும் இழுத்துக்கொண்டு ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் மனுவை முழுசாகப் படித்தார், டீ கொடுத்தார், அப்புறம் "இது ஹைவேஸ் ரோடுங்க" என்றார். சேலத்திலிருந்து ஏறுகிற அந்த மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊராட்சி ஒன்றியச் சாலை வேறு, ஊராட்சித் தெரு வேறு, வனத்துறை எல்லைக்குள் போகிற பாதை வேறு. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, ஊருக்குள் இருக்கிற தெரு, வீட்டு வரி, இதெல்லாம் கிராம ஊராட்சி. ஓட்டுக் கேட்டு வருகிறவர் மலைப்பாதையை அகலப்படுத்துவேன் என்று சொன்னால், அவர் நிற்பது எம்.எல்.ஏ. பதவிக்கா வார்டு மெம்பர் பதவிக்கா என்று கேட்டுவிடலாம்.

நான்கு சீட்டில் கட்சி எங்கே இருக்கிறது

கிராமத்தில் வெள்ளைச் சீட்டு வார்டு மெம்பருக்கு. ஒரே சாவடியில் இரண்டு வார்டுக்காரர்கள் போட வேண்டியிருந்தால் ஒரு வார்டுக்கு நீலம் வரும். இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. 2019 தேர்தலில் இதுதான் நிறம். இவற்றில் பச்சையும் மஞ்சளும் மட்டும்தான் கட்சிச் சின்னம். வெள்ளையும் இளஞ்சிவப்பும் சட்டப்படி கட்சி சாராத தேர்தல். அதனால்தான் அத்தை மகன் பூட்டு சாவியைப் பார்த்து முழித்தான்.

கட்சி சாராத தேர்தல் என்றால் கட்சி இல்லை என்று அர்த்தமில்லை, அது ஊருக்கே தெரியும். கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. தலைவருக்கு நிற்கிறவர் யாருடைய வண்டியில் பிரச்சாரத்துக்கு வருகிறார், அவருடைய நோட்டீசும் பச்சைச் சீட்டு வேட்பாளரின் நோட்டீசும் ஒரே பிரஸ்ஸில் அச்சானதா (நோட்டீசின் அடியில் அச்சகத்தின் பெயர் போட்டாக வேண்டும்), வேட்புமனு கொடுத்த அன்று பக்கத்தில் நின்றவர் யார், இதையெல்லாம் பார்த்தாலே போதும். ஆனால் என் கருத்தைக் கேட்டால், இளஞ்சிவப்புச் சீட்டில் கட்சி பார்த்துப் போடுவது வீண். தலைவர் ஊருக்குள் இருப்பவரா, கூப்பிட்டால் வருவாரா, மோட்டார் ரிப்பேர் ஆனால் இரண்டு நாளில் ஆள் கூட்டி வருவாரா என்பதுதான் அங்கே கணக்கு. பச்சைச் சீட்டில் கட்சி பார்த்துத்தான் ஆக வேண்டும். ஏன் என்பது கீழே வருகிறது.

நடுவில் ஒன்று. சில ஊர்களில் கோயில் திருப்பணிக்கு யார் அதிகம் தருகிறாரோ அவருக்கே தலைவர் பதவி என்று ஏலம் விட்டு, மற்றவர்களை மனுவை வாபஸ் வாங்க வைத்து, போட்டியின்றித் தேர்வு என்று முடித்துவிடுவார்கள். ஊர் ஒற்றுமை என்று அதற்குப் பெயர் வேறு. இது சட்டப்படி குற்றம். மாநிலத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு தேர்தலிலும் எச்சரிக்கிறது, மாவட்ட ஆட்சியரிடம் புகார் கொடுக்கலாம். ஏலத்தில் பதவி வாங்கியவர் போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார் என்று யோசித்தால் புகார் எழுதக் கை தானாக வரும்.

சேர்மனையும் மேயரையும் நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை

நம் ஊரில் அதிகமாகப் பேசப்பட வேண்டியதும் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றியச் சேர்மன், மாவட்ட ஊராட்சித் தலைவர், பேரூராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர், இவர்கள் யாரையும் இப்போதைய சட்டப்படி நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஜெயித்து வந்த கவுன்சிலர்கள் ஒரு அறைக்குள் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். மறைமுகத் தேர்தல் என்பது அதற்குப் பெயர், பெயருக்குப் பொருத்தமாகத்தான் நடக்கிறது.

மேயர் விஷயத்தில் சட்டம் ஊஞ்சல் ஆடியிருக்கிறது. 1996-ல் நேரடித் தேர்தல். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள், சேலத்தில் தி.மு.க.வின் ரேகா பிரியதர்ஷினி மேயரானார். 2011-ல் மறுபடி நேரடி, அ.தி.மு.க.வின் சௌண்டப்பன் மக்கள் ஓட்டில் வந்தார். எங்கள் அம்மா இரண்டு பட்டன் அழுத்தியது அப்போதுதான். 2016-ல் மறைமுகம் என்று சட்டம், 2018-ல் திரும்ப நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மீண்டும் மறைமுகம். அப்படித்தான் 2022-ல் தி.மு.க.வின் இராமச்சந்திரன் மாமன்றத்தில் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், துணை மேயர் பதவி கூட்டணிக் கட்சியான காங்கிரசுக்குப் போனது. எந்தக் கட்சி ஆட்சியில் இருக்கிறதோ அதற்கு அந்த நேரத்தில் எது வசதியோ அதுதான் சட்டம் என்று ஒரு பெரியவர் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொன்னார், எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

இதை வைத்து ஓட்டாளி என்ன செய்வது? இரண்டு கேள்வி போதும். உங்கள் தெருவுக்கு வருகிற கவுன்சிலர் வேட்பாளரிடம், "நீங்க ஜெயிச்சா மேயருக்கு யாருக்குப் போடுவீங்க?" என்று கேளுங்கள். கட்சிச் சின்னத்தில் நிற்பவர் "கட்சி சொல்றவருக்கு" என்பார், அது நேர்மையான பதில்தான். சுயேச்சையிடம் கேட்பதுதான் முக்கியம், ஏனென்றால் எண்ணிக்கை நெருக்கமாக இருக்கிற சின்ன ஒன்றியத்திலும் பேரூராட்சியிலும் ஒரு சுயேச்சையின் கை எந்தப் பக்கம் தூக்குகிறதோ அந்தப் பக்கம்தான் நாற்காலி. 60 வார்டு இருக்கிற மாநகராட்சியில் 31 பேர் வேண்டும், அங்கே ஒரு கட்சி அள்ளிக்கொண்டு போய்விட்டால் சுயேச்சைக்கு மதிப்பு இல்லை. பதினைந்து வார்டு பேரூராட்சியில் 7, 7, 1 என்று வந்து பாருங்கள், அந்த ஒருவர் வீட்டு வாசலில் எத்தனை கார் நிற்கும் என்று தெரியும். ஓட்டு சமமாகிவிட்டால் குலுக்கல் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

இரண்டாவது கேள்வி, தலைவர் பதவி யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்று பதவிகளுக்குச் சுழற்சி முறையில் ஒதுக்கீடு உண்டு. பெண்களுக்கு 2016 முதல் தமிழ்நாட்டில் 50 சதவீதம். சேர்மன் பதவி பழங்குடியினப் பெண்ணுக்கு என்று வந்திருந்தால், கவுன்சிலராக ஜெயித்து வருகிறவர்களில் பழங்குடியினப் பெண்கள் யார் யார் என்று பார்த்தாலே போட்டி இரண்டு மூன்று பேருக்குள் அடங்கிவிடும். கட்சிகள் இந்தக் கணக்கை வேட்பாளர் தேர்வின்போதே போட்டுவிடுகின்றன, நாம்தான் ரிசல்ட் வந்த பிறகு "இவங்க எப்படிங்க சேர்மன் ஆனாங்க" என்று கேட்கிறோம்.

ரிசல்ட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவில் சில நாள் இடைவெளி விடுவார்கள், கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய காலம் அது. கிராமப்புறத்தில் 2020 ஜனவரி 2 அன்று ஓட்டு எண்ணத் தொடங்கினார்கள், 6-ஆம் தேதி பதவிப் பிரமாணம், 11-ஆம் தேதி மறைமுகத் தேர்தல். நகர்ப்புறத்தில் 2022 பிப்ரவரி 22 எண்ணிக்கை, மார்ச் 2 பிரமாணம், மார்ச் 4 மேயர், தலைவர் தேர்தல். இந்த நாட்களில் கவுன்சிலர் திடீரென்று குடும்பத்தோடு டூர் போயிருப்பார், போன் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும். மற்ற ஊர்க்காரர்களை ஏற்காட்டுக்குக் கூட்டி வந்து ரிசார்ட்டில் வைக்கலாம். ஏற்காட்டுக்காரர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

கட்சி மாறினால் பதவி போகாதா என்று கேட்பீர்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்கிற அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான். ஒரு சின்னத்தில் ஜெயித்துவிட்டு வேறு கட்சித் துண்டைப் போட்டுக்கொள்கிற கவுன்சிலருக்கு அது பொருந்தாது. சொந்தக் கட்சி ஒதுக்கிய ஆளுக்கு எதிராகவே நின்று ஜெயிப்பதும் நடக்கும். 2022 மார்ச் 4 அன்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்த தலைவர், துணைத்தலைவர் பதவிகளை தி.மு.க.காரர்களே போட்டியிட்டுப் பிடித்துவிட்டார்கள், அவர்களை ராஜினாமா செய்யச் சொல்லிக் கட்சித் தலைவர் ஸ்டாலினே அறிக்கை விட வேண்டியதாயிற்று. அதனால் பச்சைச் சீட்டில் கட்சி பாருங்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, கட்சியோடு சேர்த்து ஆளையும் பாருங்கள். ஏற்கெனவே எத்தனை துண்டு மாற்றியவர் என்று ஊரில் விசாரித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பேனா யார் கையில்

ஊராட்சியில் தலைவர் தனியாகப் பணம் எடுக்க முடியாது. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவரை வார்டு மெம்பர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கேதான் சூட்சுமம். மக்கள் ஒருவரைத் தலைவராக்குவார்கள், தோற்றுப்போன அணி மெம்பர்களை வைத்துத் துணைத்தலைவர் பதவியைப் பிடிக்கும், அப்புறம் கையெழுத்துக்கு மாதக்கணக்கில் இழுபறி. தெருவிளக்கு பல்பு மாற்றுவதற்கே இரண்டு பேரின் சண்டை தீர வேண்டும். அதனால் வெள்ளைச் சீட்டை அலட்சியமாகப் போடாதீர்கள். "மெம்பர்தானே" என்று தெரிந்தவர், சொந்தக்காரர் என்று போட்டுவிட்டுப் போகிறோம், அந்த மெம்பர்தான் துணைத்தலைவரை முடிவு செய்கிறார். அவரிடமும் கேளுங்கள்: துணைத்தலைவருக்கு யார்?

பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சியில் இன்னொரு வேடிக்கை. பெயர்ப் பலகையில் மனைவி பெயர், பேசுவது கணவர். மனுவைக் கணவரிடம் நீட்டாதீர்கள். தலைவர் எங்கே என்று கேட்டு அவர் கையில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். இரண்டு தடவை இப்படிச் செய்தால் மூன்றாவது தடவை அந்த அம்மாவே முன்னால் வந்து உட்காருகிறார், இதை நானே பார்த்திருக்கிறேன்.

மாநகராட்சியில் பேனா ஆணையர் கையில். மேயர் மாமன்றத்துக்குத் தலைமை வகிக்கிறார், மாமன்றம் தீர்மானம் போடுகிறது, நிறைவேற்றுகிற நிர்வாகம் ஆணையருடையது. நடுவில் மண்டலக் குழுவும் நிலைக்குழுக்களும் இருக்கின்றன. சாக்கடை அடைப்பு மாதிரி விஷயத்துக்கு மேயரைத் தேடிப் போவதைவிட மண்டலத்து உதவிப் பொறியாளரைப் பார்த்துவிட்டு, அதே மனுவின் நகலைக் கவுன்சிலரிடமும் கொடுப்பதுதான் வேகம். கவுன்சிலர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பது இங்கே ஓரளவு வேலை செய்யும், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் எதிர்க்கட்சிக் கவுன்சிலருக்கு மாமன்றத்தில் எழுந்து கேட்பதற்கு விஷயம் தேவை, தேதி போட்ட மனு அவருக்கு அல்வா மாதிரி. (1917-ல் ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். பெரிய பதவிகளுக்குப் போனவர்களும் சாக்கடையில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள்.)

நீங்களே நிற்கலாம்

21 வயது முடிந்திருக்க வேண்டும், அந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், உள்ளாட்சிக்கு வரி பாக்கி இருக்கக்கூடாது, அதே உள்ளாட்சியில் நடப்பு கான்ட்ராக்ட் எடுத்திருக்கக்கூடாது. டெபாசிட் 2019-ல் வார்டு மெம்பருக்கு 200 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றியக் கவுன்சிலருக்கும் 600, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,000. 2022-ல் பேரூராட்சி வார்டுக்கு 1,000, நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பாதி. செலவு வரம்பு வார்டு மெம்பருக்கு 9,000, தலைவருக்கு 34,000, ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,70,000 என்று 2019-ல் வைத்திருந்தார்கள். எல்லாரும் இதற்குள்தான் செலவு செய்தார்கள் என்று கணக்கு சொல்கிறது, நாமும் நம்புவோம். ஜெயித்தாலும் தோற்றாலும் ரிசல்ட் வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுத்துவிட வேண்டும், கொடுக்காமல் விட்டால் மூன்று வருடம் நிற்க முடியாமல் போகலாம். தோற்றவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள், தோற்ற துக்கத்தில் பில்லை எல்லாம் எங்கேயோ வைத்துவிடுவார்கள்.

வாக்காளர் பட்டியலை முன்கூட்டியே பாருங்கள். உள்ளாட்சிக்கென்று தனியாகப் பட்டியல் எடுப்பதில்லை, சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். 2025 நவம்பரில் தொடங்கிய தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், பெயர் இருந்தாலும் எந்த வார்டில் இருக்கிறது என்றும் பாருங்கள். மலையில் ஒரு எஸ்டேட்டில் வேலை, இன்னொரு ஊரில் வீடு என்று இருக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஓட்டுப் போடும் நாளில்

நகரத்தில் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு பட்டன். கிராமத்தில் காகிதச் சீட்டு, முத்திரை. இரண்டு சின்னத்துக்கு நடுவில் கோட்டின் மேல் குத்தினால் செல்லாமல் போய்விடும் அபாயம் உண்டு. சின்னத்துக்கு மேலேயே அழுத்திக் குத்துங்கள். மை ஈரமாக இருக்கும்போது மடித்தால் எதிர்ப்பக்கத்துச் சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும், ஊதிவிட்டு மடியுங்கள். சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், பெயர் எழுதாதீர்கள், தலைவருக்கு அறிவுரையும் எழுதாதீர்கள். நான்கு சீட்டையும் ஒரே பெட்டியில்தான் போடுவது, பிறகு நிறம் நிறமாகப் பிரித்து எண்ணுவார்கள். அதனால்தான் 2020-ல் எண்ணிக்கை ராத்திரி தாண்டி மறுநாளும் போனது.

மலைக்காரர்களுக்கு ஒன்று. டிசம்பர், ஜனவரி என்பது காபிப் பழம் பறிக்கிற காலம். அன்றைக்குக் கூலி போகிறது என்று நிறையப் பேர் சாவடிப் பக்கமே வருவதில்லை. தோட்ட மேஸ்திரியிடம் ஒரு வாரம் முன்னாலேயே பேசிக் காலையில் முதல் ஆளாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சின்ன ஊராட்சி வார்டில் பத்து ஓட்டு, இருபது ஓட்டு வித்தியாசத்தில் ரிசல்ட் மாறும், நீங்கள் போகாத அந்தச் சாவடிதான் அதை முடிவு செய்யும்.

ஜெயித்த பிறகு, அல்லது யாருமே இல்லாதபோது

கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்தது, 2022-ல் மார்ச்சும் நவம்பரும் சேர்ந்தன. வாக்காளர் பட்டியலில் இருக்கிற யாரும் உட்காரலாம், கேட்கலாம். ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசிக்க வேண்டும். வாசிப்பவர் வேகமாக வாசிப்பார், நிறுத்தச் சொல்லுங்கள். மத்திய நிதிக்குழுப் பணத்தில் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சிக்கே தனியாகப் பார்க்கலாம், முந்தின நாள் அதை ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போனால் வாசிப்பின் வேகம் தானாகக் குறையும். நீங்கள் சொன்ன கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள். வருகைப் பதிவு என்று காலிப் பக்கத்தை நீட்டினால் வாங்காதீர்கள். கூட்டம் செல்ல குறைந்தபட்ச ஆள் வேண்டும்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. மலையில் ஒரு ஊராட்சிக்குள் குக்கிராமங்கள் சிதறிக் கிடப்பதால் இந்த எண்ணிக்கையைச் சேர்ப்பதே பெரிய வேலை, நான்கு பேர் ஒரு ஜீப் பேசிக் கூட்டி வாருங்கள்.

சேர்வராயன் மலைதான் பழங்குடிப் பகுதியாயிற்றே, வடக்கே இருப்பது மாதிரி கிராம சபைக்குத் தனி அதிகாரம் உண்டா என்று ஒரு தம்பி கேட்டான். இல்லை. அந்த அதிகாரத்தைத் தருகிற பெசா சட்டம் (பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான மத்தியச் சட்டம்) அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் இருக்கிற பகுதிகளுக்கு, தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியும் அறிவிக்கப்படவில்லை.

நகரத்தில் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று 2022 நவம்பர் 1 முதல் நடக்கிறது. கவுன்சிலர் தலைமையில் வார்டுக்குள் பகுதி பகுதியாக. எங்கே, எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டால்தான் தெரியும், கேளுங்கள். கேட்டும் பதில் வராத எதற்கும் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு பக்கம் எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இந்தத் தேதியில் கொடுத்த மனுவின் மேல் எடுத்த நடவடிக்கையின் நகல், இந்த வேலையின் மதிப்பீடு, பில் நகல்" என்று கேளுங்கள்.

கடைசியாக, கவுன்சிலரே இல்லாத காலம். அரசியல் சட்டம் ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு நாள் கூடாது, அதற்குள் அடுத்த தேர்தலை முடி என்கிறது. ஆனால் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியில்லை என்று தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு கிராமத்துக்கு 2019 டிசம்பர் வரை, நகரத்துக்கு 2022 வரை ஆளில்லை. சேலம் மாவட்டக் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் மறுபடி 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் நம் ஊரில் எல்லாரும் பழைய பிரசிடெண்ட் வீட்டுக்கே போய் நிற்கிறோம், அவருக்குக் கையெழுத்து அதிகாரம் இல்லை. கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் வட்டார வளர்ச்சி அலுவலர்தான், பி.டி.ஓ. ஆபீஸ் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கிராம சபை அப்போதும் நடக்கும், தீர்மானப் பதிவேடும் இருக்கும். மனுவில் "தனி அலுவலர், இன்ன ஊராட்சி" என்று விலாசம் எழுதி, இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஊராட்சிச் செயலருக்குத்தான் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியும், அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.